12 வோல்ட் ஹாலஜன் பல்பைப் பேட்டரியில் கூடுதல் வோல்ட்டில் எரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது 12 வோல்ட் சிறிய ஹாலஜன் பல்புகள் மட்டும்: 51 மி.மீ விட்டமுள்ள எம்.ஆர்.16, 35 மி.மீ விட்டமுள்ள எம்.ஆர்.11, பிரதிபலிப்பான் இல்லாத ஜி4 குமிழ் பல்பு. சைக்கிள் முகப்பு விளக்கு, கைவிளக்கு, இரவு வேலைக்கான விளக்கு என்று பேட்டரியில் ஓடும் எதற்கும் இது பொருந்தும். வேறு சொல்லாத இடங்களில் கணக்கெல்லாம் 20 வாட் பல்புக்கு. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக எரியும் ஹாலஜன் பல்புகளில் இவற்றைச் செய்து பார்க்கக் கூடாது.

பல்பில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும்போது எதற்காகக் கூட்ட வேண்டும்?

பேட்டரியில் உள்ள அதே ஆற்றலில் அதிக வெளிச்சம் கிடைக்கும் என்பதற்காக. இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு அது விடும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு கூடும், வெறும் வெப்பமாகப் போகும் பங்கு குறையும். 20 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 300 லூமன் (பல்பு தரும் மொத்த ஒளியின் அலகு) தரும், அதாவது வாட்டுக்கு 15 லூமன். அதே பல்புக்கு 14.4 வோல்ட் கொடுத்தால் 27 வாட் இழுத்து 560 லூமன் அளவுக்கு எரியும், வாட்டுக்கு 21 லூமன். 35 வாட் பல்பு தரும் வெளிச்சத்தை 27 வாட்டில் நெருங்கிவிடுகிறோம். பேட்டரியைச் சுமந்துகொண்டு போகிறவருக்கு அந்த 8 வாட் பெரிய விஷயம். ஒளியும் மஞ்சள் குறைந்து வெள்ளையாகிறது.

இதற்கு விலை, பல்பின் ஆயுள்.

எவ்வளவு கூட்டினால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு போகும்?

டங்ஸ்டன் இழைப் பல்புகளுக்குப் பழைய, நம்பகமான ஒரு கணக்கு உண்டு. கொடுக்கும் வோல்ட்டைப் பல்பில் எழுதிய வோல்ட்டால் வகுங்கள். அந்த விகிதத்தின் 3.4-ஆவது அடுக்கில் வெளிச்சம் கூடும், 1.6-ஆவது அடுக்கில் வாட் கூடும், 12-ஆவது அடுக்கில் ஆயுள் குறையும். 12-ஆவது அடுக்கு என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மற்றதெல்லாம் நடந்து ஏறும்போது ஆயுள் மட்டும் பள்ளத்தில் விழுகிறது.

20 வாட், 2000 மணி நேர ஆயுள் என்று குறிக்கப்பட்ட பல்புக்கு:

11.1 வோல்ட்: வெளிச்சம் 77 சதவீதம், 17.7 வாட், ஆயுள் இரண்டரை மடங்கு.
12 வோல்ட்: வெளிச்சம் 100 சதவீதம், 20 வாட், 2000 மணி.
13.2 வோல்ட்: வெளிச்சம் 138 சதவீதம், 23.3 வாட், சுமார் 640 மணி.
13.8 வோல்ட்: வெளிச்சம் 160 சதவீதம், 25 வாட், சுமார் 370 மணி.
14.4 வோல்ட்: வெளிச்சம் 186 சதவீதம், 26.8 வாட், சுமார் 225 மணி.
15.6 வோல்ட்: வெளிச்சம் 244 சதவீதம், 30 வாட், சுமார் 85 மணி.
16.8 வோல்ட்: வெளிச்சம் 314 சதவீதம், 34 வாட், சுமார் 35 மணி.

கடைசி இரண்டு வரிகளை அப்படியே நம்ப வேண்டாம். குறித்த வோல்ட்டை ஒட்டி 10 சதவீதம் மேலும் கீழும் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். அதைத் தாண்டத் தாண்டப் பல்பு கணக்கு சொல்வதைவிடச் சீக்கிரம் போகும். 16.8 வோல்ட்டில் ஒரு பல்பு பல மணி நேரம் தாங்கலாம், முதல் தடவை ஸ்விட்ச் போடும்போதே போகவும் செய்யலாம்.

அப்படியானால் எங்கே நிறுத்துவது?

எங்கள் பரிந்துரை 13.8 வோல்ட். அதாவது 15 சதவீதம் கூடுதல். தினமும் ஒரு மணி நேரம் எரித்தால் ஒரு வருடம் தாங்கும், வெளிச்சமும் ஒன்றரை மடங்குக்கு மேல். பல்பு மலிவு, மாற்றுவது எளிது, இருட்டில் திடீரென்று அணைந்தாலும் ஆபத்தில்லை என்றால் 14.4 வரை போகலாம். 15-ஐத் தாண்டினால் கூடுகிற வெளிச்சத்தைவிட மாற்றுப் பல்பைத் தேடும் நேரம்தான் கூடும்.

இதற்கு இயற்பியல் எல்லையும் இருக்கிறது. டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியஸில் உருகும், கெல்வினில் சுமார் 3695. சாதாரண ஹாலஜனின் நிற வெப்பநிலை 3000 கெல்வினை ஒட்டி இருக்கும். 14.4 வோல்ட்டில் அது 3230 ஆகும், 16.8-இல் 3430. அந்த உயரத்தில் இழையில் கொஞ்சம் மெலிந்த ஓர் இடம் இருந்தாலே போதும்.

ஹாலஜன் வாயு இழையைத் தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார்களே?

பாதி உண்மை. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன், கண்ணாடிச் சுவரின் அருகே ஹாலஜனோடு சேர்ந்து, மறுபடி இழைக்கே திரும்புகிறது. ஆனால் அது திரும்பிப் படிவது இழையின் குளிர்ந்த பகுதிகளில். மெலிந்து, மிகச் சூடாகி, உடையப்போகிற இடத்துக்கு அது வந்து சேர்வதில்லை. ஆகவே ஹாலஜன் சுழற்சி கண்ணாடியைக் கறுக்காமல் வைத்திருக்கிறது, கூடவே வாயுவை அதிக அழுத்தத்தில் அடைக்க முடிவதால் ஆவியாதலும் குறைகிறது. இழையின் ஓட்டையை அது அடைப்பதில்லை. மிகைவோல்ட்டில் ஆவியாகும் வேகம் கூடிவிட்டால் ஒரு கட்டத்தில் சுழற்சியும் ஈடுகொடுக்காது.

எந்தப் பல்பைத் தேர்ந்தெடுப்பது?

பெட்டியில் போட்டிருக்கும் ஆயுளைப் பாருங்கள். 4000 மணி, 5000 மணி என்று போட்டிருப்பதன் இழை சற்றுக் குறைந்த வெப்பத்தில் ஓடும்படி செய்யப்பட்டது. அதை ஏற்ற இடம் உண்டு. 50 மணி, 100 மணி என்று போட்டிருக்கும் ப்ரொஜெக்டர் பல்புகள் தொழிற்சாலையிலேயே உச்சிக்கு ஏற்றப்பட்டவை. அவற்றின் மேல் கை வைக்க வேண்டாம்.

ஒரே வோல்ட்டில் அதிக வாட் என்றால் இழை தடிமன், தடிமனான இழை மிகைவோல்ட்டை நன்றாகத் தாங்கும். 12 வோல்ட் 5 வாட், 10 வாட் பல்புகளில் இழை மெல்லியது. அவற்றை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. எம்.ஆர்.16-இல் முன்பக்கம் கண்ணாடி மூடியுள்ளதை மட்டும் வாங்குங்கள். ஒளிக்கற்றையின் கோணமும் வோல்ட் அளவுக்கு முக்கியம். 36 டிகிரி பல்பை 14.4-இல் எரிப்பதைவிட 10 டிகிரி பல்பை 12-இல் எரித்தால் தூரத்தில் அதிக வெளிச்சம் விழும். பாதி பேர் வோல்ட்டைக் கூட்டித் தீர்க்கப் பார்ப்பது உண்மையில் கோணத்தின் பிரச்சினை.

கார் முகப்பு விளக்கின் எச்3, எச்4, எச்7 பல்புகளுக்கும் இதே கணக்கா?

இல்லை, இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். கார் பல்பில் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அதன் ஒளி அளவும் வாட் வரம்பும் 13.2 வோல்ட்டில்தான் சோதிக்கப்படுகின்றன. எச்3 பல்பில் 55 வாட் என்று இருக்கும், 13.2 வோல்ட்டில் அதற்கு 68 வாட் வரை அனுமதி உண்டு. ஆகவே கார் பல்புக்கு 13.2-ஐ அடிப்படையாக வைத்து விகிதம் போடுங்கள். 14.4 கொடுத்தால் 20 சதவீதம் கூடுதல் என்று நினைக்க வேண்டாம், 9 சதவீதம்தான். மாறாக, கார் பல்பை 12 வோல்ட்டில் எரித்தால் அதன் முழு வெளிச்சத்தில் முக்கால் பங்குகூட வராது.

எந்த பேட்டரி? எத்தனை செல்?

இங்கே பேட்டரியின் பெயரில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். முழு சார்ஜில் எவ்வளவு, பாதியில் எவ்வளவு, தீரும்போது எவ்வளவு என்ற மூன்று எண்களும் வேண்டும். பல்பு பார்ப்பது அவற்றைத்தான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட், 4 செல் தொடர்: பெயரளவில் 12.8 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்துச் சற்று ஓய்ந்தபின் 13.3 அல்லது 13.4. சுமையில் 13.2-இல் தொடங்கி பெரும்பகுதி நேரம் 13-ஐ ஒட்டியே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். எந்த மின்னணுச் சுற்றும் இல்லாமல் 8 முதல் 10 சதவீதம் மிகைவோல்ட், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே சீர். புதிதாகச் செய்கிறவர் வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது செல் சேர்த்தால் 16 வோல்ட்டைத் தொடும், அப்போது ரெகுலேட்டர் இல்லாமல் முடியாது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: செல்லுக்கு 1.2 வோல்ட். 11 செல் 13.2, 12 செல் 14.4, 13 செல் 15.6. ஒவ்வொரு செல்லாகச் சேர்த்து வோல்ட்டைப் படிப்படியாக அமைக்கலாம் என்பது இதன் சௌகரியம். குறைபாடு, சார்ஜ் ஏறிய உடனே செல் ஒன்று 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12 செல் என்றால் 16.8.

லித்தியம் அயன், 3 செல்: சந்தையில் 12 வோல்ட் என்று விற்கப்படும் பல பேட்டரிகள் உள்ளே இதுதான். 12.6-இல் தொடங்கி 11.1 வழியாக 9 வரை இறங்கும். மிகைவோல்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை, பல்பு பாதி நேரம் மஞ்சளாக எரியும்.

லித்தியம் அயன், 4 செல்: 16.8-இல் தொடங்கி 14.8 வழியாக 12 வரை. நேரடியாக இணைத்தால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வெளிச்சத்தில் மூன்று மடங்கு வித்தியாசம், தொடக்கத்தில் பல்பு உயிருக்குப் போராடும். ரெகுலேட்டரோடு சேர்த்தால் மட்டும் நல்ல தேர்வு.

ஈய அமில பேட்டரி, 12 வோல்ட்: ஓய்வில் 12.7, சுமையில் 12.4 அல்லது 12.5. கூடுதல் 4 சதவீதம்தான். இதோடு தொடராக ஓரிரு நிக்கல் செல்களைச் சேர்ப்பது உண்டு. செய்தால் நிக்கல் செல்லின் ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைவிடக் குறையாமல் இருக்க வேண்டும், தனியாகக் கழற்றித் தனி சார்ஜரில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். குறைந்த கொள்ளளவு செல் முதலில் தீர்ந்தால் மற்றதின் மின்னோட்டம் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கெடுத்துவிடும்.

சார்ஜரிலிருந்து எடுத்து உடனே போட்டால் பல்பு போகிறது. ஏன்?

மேலே சொன்ன அந்தத் தற்காலிக உயர்வால்தான். நிக்கல் செல்களை அரை மணி முதல் ஒரு மணி வரை ஓயவிட்டுப் பயன்படுத்துங்கள். ஓயவிட நேரமில்லை என்றால் தொடக்கத்துக்கு மட்டும் டையோடு வழியாக விடலாம்.

டையோடு வழி என்றால்?

சாதாரண சிலிக்கான் டையோடு ஒன்றில் 2 ஆம்பியர் ஓடும்போது சுமார் 0.85 வோல்ட் இறங்கும். 3 ஆம்பியர் தாங்கும் டையோடு மூன்றைத் தொடராக இணைத்தால் இரண்டரை வோல்ட் குறையும். 16.8 வோல்ட் 14.3 ஆகிவிடும். இந்த மூன்றுக்கும் குறுக்கே ஒரு ஸ்விட்ச் போடுங்கள். முதல் கால் மணி நேரம் டையோடு வழியாக எரியட்டும். வெளிச்சம் இறங்கியதும் ஸ்விட்சைப் போட்டு டையோடுகளைத் தவிர்த்துவிடலாம். ஒவ்வொரு டையோடும் ஒன்றரை வாட்டுக்கு மேல் சூடாகும், காற்று படும் இடத்தில் கால்களை நீளமாக விட்டுப் பொருத்துங்கள். ஆற்றலை வீணாக்கும் முறைதான், ஆனால் மழையிலும் அதிர்விலும் கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை.

ரெகுலேட்டர் எப்படி அமைப்பது?

பல்புக்குச் சீரான நேர்மின்னழுத்தம் தேவையில்லை. இழைக்கு வேண்டியது வெப்பம், அதைத் துடிப்புகளாகக் கொடுத்தாலும் போதும். எனவே பி.டபிள்யூ.எம். எனப்படும் துடிப்பகல முறை இங்கே மிகப் பொருத்தம், சுருள் கம்பி எதுவும் வேண்டாம். ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலர், ஐ.ஆர்.எல்.இசட்.44என் போல 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்கும் ஒரு என்-சானல் மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்), அதன் கட்டுப்பாட்டு முனையான கேட்டுக்கு 100 ஓம் தொடர் மின்தடை, கேட்டுக்கும் தரைக்கும் இடையே 10 கிலோ ஓம், பேட்டரி முனைகளில் 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் மின்தேக்கி. மாஸ்ஃபெட் பல்பின் எதிர்முனைப் பக்கம். அதில் வீணாவது 0.1 வாட் போலத்தான், வெப்பத்தகடு வேண்டியதில்லை. துடிப்பு 200 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோ ஹெர்ட்ஸ் வரை வைக்கலாம்.

கணக்கில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. 16.8 வோல்ட் பேட்டரியிலிருந்து 13.8 வேண்டும் என்றதும் 13.8-ஐ 16.8-ஆல் வகுத்து 82 சதவீதம் என்று வைத்துவிடுவார்கள். அது சராசரி வோல்ட். இழை சூடாவது ஆர்.எம்.எஸ். வோல்ட்டின்படி (வோல்ட்டின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்து அதன் வர்க்கமூலம்), ஆகவே விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும்: 67 சதவீதம். 82 வைத்தால் பல்புக்குப் போவது 15.2 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலர் நொடிக்குச் சில தடவை பேட்டரியை அளந்து இந்த வர்க்கத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால், பேட்டரி 16.8-லிருந்து 13.8 வரை இறங்கும் வரையில் வெளிச்சம் அசையாது. 14.8 வோல்ட்டில் விகிதம் 87 சதவீதம், 13.8-இல் 100. பேட்டரியை அளக்கும்போது துடிப்பு ‘போட்ட’ நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், சுமையில் உள்ள வோல்ட்தான் கணக்கு.

மல்டிமீட்டரில் அளந்தால் வேறு எண் காட்டுகிறதே?

நேர்மின்னோட்ட அளவையில் வைத்தால் மீட்டர் சராசரியைக் காட்டும். 67 சதவீதத் துடிப்பில் 11.3 வோல்ட் என்று சொல்லும். உண்மையில் பல்பு 13.8-இல் எரிகிறது. அதைப் பார்த்து இன்னும் கூட்டினால் பல்பு போகும். ஆர்.எம்.எஸ். அளக்கும் மீட்டரிலும் பல வகைகள் மாறுமின்னோட்ட அளவையில் நேர்ப்பகுதியை வெட்டிவிடும். நம்பகமான வழி வெளிச்சத்தை ஒப்பிடுவது: பல்பைச் சுத்தமான 13.8 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் எரித்து, ஒரு மீட்டர் தூரத்தில் லக்ஸ் மீட்டரில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் ரெகுலேட்டர் வழியாக எரித்து அதே எண் வரும்வரை சரிசெய்யுங்கள்.

ஸ்விட்ச் போட்டதும் பேட்டரியே கட் ஆகிவிடுகிறது. பல்பு ஷார்ட்டா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை எரியும் நிலையில் உள்ளதில் பதினைந்தில் ஒரு பங்குதான். 20 வாட் பல்பு எரியும்போது 7.2 ஓம், குளிர்ந்திருக்கும்போது அரை ஓம்கூட இருக்காது. 50 வாட் பல்பு இன்னும் மோசம், 0.2 ஓமுக்கும் கீழே. முதல் சில பத்து மில்லிநொடிகளுக்குப் பல ஆம்பியர்கள் பாயும். லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையிலும் பல்பு ‘பீப்’ என்று ஒலிக்கும், அதைப் பார்த்துப் பல்பைக் குறை சொல்ல வேண்டாம்.

ரெகுலேட்டர் இருந்தால் துடிப்பை 5 சதவீதத்தில் தொடங்கி அரை நொடியில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். 1 கிலோ ஹெர்ட்ஸில் ஒவ்வொரு துடிப்பும் 50 மைக்ரோநொடிதான், பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொள்வதற்குள் முடிந்துவிடும். ரெகுலேட்டர் இல்லையென்றால் 1 ஓம் 10 வாட் மின்தடை ஒன்றைத் தொடராகப் போட்டு, ஒரு நொடி கழித்து ஸ்விட்சாலோ ரிலேயாலோ அதைத் தாண்டிவிடலாம். மென்தொடக்கம் இழைக்கும் நல்லது. மெலிந்த இழை உடைவது பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் அந்தக் கணத்தில்தான்.

வயர், ஃபியூஸ்?

வோல்ட்டைக் கூட்டப் பாடுபட்டுவிட்டு மெல்லிய வயரில் அதைத் தொலைப்பது சகஜம். 2 மீட்டர் தூரம் என்றால் போகவர 4 மீட்டர். 1 சதுர மி.மீ செம்பு வயரில் அதன் மின்தடை 0.07 ஓம், 1.86 ஆம்பியரில் 0.13 வோல்ட் போகும். 0.5 சதுர மி.மீ என்றால் இரண்டு மடங்கு, வெளிச்சத்தில் 6 சதவீதம் காணாமல் போகும். துருப்பிடித்த இணைப்பும் மலிவான ஸ்விட்சும் அதைவிட அதிகமாகத் தின்னும். எப்போதும் பல்பின் ஊசிகளில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அளவிடுங்கள். பேட்டரி முனையில் அளந்த எண் இந்தக் கணக்குக்கு உதவாது.

ஃபியூஸ் கட்டாயம், பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள். 20 வாட் பல்புக்கு 1 சதுர மி.மீ வயரோடு 5 ஆம்பியர். 3 ஆம்பியர் ஃபியூஸ் தொடக்கப் பாய்ச்சலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து ஒருநாள் காரணமே இல்லாமல் போகும்.

ஹோல்டரும் கூடும் எவ்வளவு சூடாகும்?

27 வாட் என்பது சிறிய கூட்டுக்குள் நிறைய வெப்பம். ஹாலஜன் குமிழின் சுவர் சுழற்சி நடக்கவே 250 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அடியில் இழைக்கம்பிகள் வெளிவரும் முத்திரைப் பகுதியோ 350 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உள்ளே உள்ள மாலிப்டினம் தகடு ஆக்சிஜனேற்றமாகி முத்திரை விரியும். எம்.ஆர்.16-இன் வண்ணம் மின்னும் டைக்ரோயிக் பிரதிபலிப்பான் ஒளியை முன்னே அனுப்பிவிட்டு வெப்பத்தின் பெரும்பகுதியைப் பின்னே தள்ளும். பின்புறம்தான் ஹோல்டர் இருக்கிறது. அலுமினியப் பிரதிபலிப்பான் உள்ள பல்பு வெப்பத்தை முன்னே அனுப்பும், மூடிய கூட்டுக்கு அது உகந்தது.

ஊசிகளில் நேரடியாகச் சால்டர் செய்ய வேண்டாம். சாதாரண ஈயம்-வெள்ளீயச் சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும், நடுவழியில் வயர் கழன்று தொங்கும். பீங்கான் ஹோல்டர், சிலிகான் உறை அல்லது கண்ணாடியிழை உறை போட்ட வயர், இவை இரண்டையும் பயன்படுத்துங்கள். குழாய்க்கான பி.வி.சி. துண்டில் கூடு செய்தால் அது 80 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். 20 வாட்டுக்கு அலுமினியக் குழாய் நல்லது. விளக்கை நகர்த்தாமல் ஓரிடத்தில் வைத்து எரிப்பதென்றால் கூட்டின் மேலும் கீழும் காற்றோட்டத் துளை இருக்கட்டும்.

முதல் முறை எப்படிச் சோதிப்பது?

மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மேசை மின்வழங்கி இருந்தால் நல்லது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பல்பைக் கண்ணாடி மூடிக்குப் பின்னால் வைத்து, 10 வோல்ட்டில் தொடங்குங்கள். மின்னோட்ட வரம்பை 3 ஆம்பியரில் வையுங்கள். அதைவிட மிகக் குறைத்தால் இழை சூடாகாமலே மங்கலாக நின்றுவிடும். 12 வோல்ட்டில் 5 நிமிடம், மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரை அரை வோல்ட்டாக ஏற்றி ஒவ்வொன்றிலும் 5 நிமிடம். குறி வைத்த வோல்ட்டில் அரை மணி எரித்து, அணைத்து, ஆறிய பிறகு குமிழையும் ஹோல்டரையும் பாருங்கள். அதன்பின் இருபது தடவை போட்டு அணைத்துப் பார்க்கலாம். அதைத் தாண்டிய பல்பைத்தான் பேட்டரியோடு வெளியே எடுத்துப் போக வேண்டும்.

அதிகமாகிவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்?

சில மணி நேரத்திலேயே குமிழின் உட்பக்கம் சாம்பல் படலம் விழுந்தால் ஆவியாதல் சுழற்சியை மீறிவிட்டது. இழைச்சுருள் தொய்ந்து வளைந்திருந்தாலும் அதே பொருள்தான். இவை இரண்டுக்கும் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். குமிழுக்குள் வெள்ளை அல்லது மஞ்சள் தூள் தெரிந்தால் அது வேறு கதை: காற்று புகுந்துவிட்டது, முத்திரை வெடித்திருக்கிறது, கூட்டின் வெப்பத்தைக் கவனியுங்கள்.

கையால் தொடக் கூடாது என்பது உண்மையா?

உண்மை. வியர்வையின் சோடியம் உப்பு சூட்டில் குவார்ட்ஸைப் பளிங்காக்கி வலுவிழக்கச் செய்யும், அந்த இடத்தில் வெண்மையாகத் தெரியும். தொட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டுப் பிறகு எரியுங்கள்.

வெடிக்குமா?

அரிது, ஆனால் நடக்கும். குமிழுக்குள் எரியும்போது பல மடங்கு வளிமண்டல அழுத்தம் உண்டு. இழை அறுகிற கணத்தில் இடைவெளியில் மின்பொறி பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் கட்டுமீறிப் பாயும், குமிழ் சிதறலாம். ஃபியூஸும் முன்கண்ணாடியும் அதற்காகத்தான். ஜி4 குமிழைத் திறந்தபடி மிகைவோல்ட்டில் எரிக்கவே கூடாது. சூடான இழை புறஊதாக் கதிரையும் அதிகமாக விடும், முன்கண்ணாடி அதையும் பெருமளவு தடுக்கிறது.

எவ்வளவு நேரம் எரியும்?

12 நிக்கல் செல், 4 ஆம்பியர்-மணி என்றால் 57.6 வாட்-மணி. 26.8 வாட்டால் வகுத்தால் 2 மணி 9 நிமிடம். நடைமுறையில் 15 சதவீதம் கழித்து 1 மணி 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிக்கல் செல் சுமையில் 1 வோல்ட்டுக்குக் கீழே போகவிடக் கூடாது, 12 செல்லுக்கு அது 12 வோல்ட். வெளிச்சம் பாதியாகி மஞ்சளடித்தால் நிறுத்த வேண்டிய நேரம். லித்தியம் பேட்டரிக்குக் கண்ணை நம்ப வேண்டாம், துண்டிப்புச் சுற்று இருக்க வேண்டும்.

எல்.இ.டி. இருக்கும்போது இது எதற்கு?

வெறும் வெளிச்சமும் நேரமும்தான் வேண்டும் என்றால் எல்.இ.டி. வாங்குங்கள். மேலே 27 வாட்டில் வரும் 560 லூமன் அதில் 6 வாட்டில் வரும். நிறங்களை உள்ளபடி காட்டும் தொடர் நிறமாலை, அகச்சிவப்பு, பனியிலும் முன்கண்ணாடியை உலர்த்தும் சூடு, இருக்கிற கூட்டையும் பிரதிபலிப்பானையும் தூக்கிப் போடாமல் பயன்படுத்துவது என்று ஹாலஜனுக்குக் காரணம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பக்கம்.

சாலையில் ஓடும் வண்டியில் செய்யலாமா?

மோட்டார் வாகன முகப்பு விளக்கு அங்கீகாரம் பெற்றது குறிப்பிட்ட பல்புக்கும் அதன் வரம்புக்கும்தான். அதை மீறினால் எதிரே வருகிறவரின் கண் கூசும், ஆய்வில் தேறாது. சைக்கிளில் செய்தாலும் ஒளிக்கற்றையைத் தாழ்த்தி வையுங்கள். எம்.ஆர்.16-க்கு மேல்பக்கம் வெட்டப்பட்ட கற்றை கிடையாது.

இரண்டு பல்பு வைக்கலாமா?

வைக்க வேண்டும். 6 வோல்ட் பல்பு இரண்டைத் தொடராக இணைப்பது வேண்டாம். ஒன்று போனால் இரண்டும் அணையும், மேலும் இரண்டும் வோல்ட்டைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. தனித்தனி ஸ்விட்சோடு இணையாக இரண்டு 12 வோல்ட் பல்பு: முதன்மைக்கு குறுகிய கற்றையுள்ள 20 வாட், துணைக்கு 36 டிகிரி 10 வாட். 14.4 வோல்ட் பேட்டரியில் துணைப் பல்பின் வயரில் மட்டும் மூன்று டையோடு தொடராகப் போட்டுவிட்டால் அதற்குப் போவது 12 வோல்ட்தான். முதன்மைப் பல்பு எத்தனை தடவை போனாலும் துணைப் பல்பு முழு ஆயுளோடு காத்திருக்கும், மாற்றுப் பல்பைப் பொருத்துவதற்கு அந்த வெளிச்சம் போதும்.